வெளியில் சாப்பிட்டு வயிறு கெடாமல் இருக்க: வேலூருக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சந்தில் பன்னிரண்டு வருடம் மெஸ் நடத்தினேன். இப்போது அடுப்பை அணைத்துவிட்டு, மாடியில் இருக்கும் ஆறு அறைகளை வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். திருவண்ணாமலை, தர்மபுரி, சித்தூர், கொல்கத்தா என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். வந்த மூன்றாவது நாள் நோயாளி நன்றாக இருப்பார், கூட வந்தவர் வாந்தி பேதியில் படுத்திருப்பார். அப்படிப்பட்ட நேரங்களில் என்னிடம் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்தான் இந்தப் பக்கம். நான் டாக்டர் இல்லை. சமையல்கட்டில் நின்றவன், கொஞ்சம் பட்டும் கொஞ்சம் படித்தும் தெரிந்துகொண்டவன்.

ஃபுட் பாய்சன் என்பது கெட்டுப்போன சாப்பாட்டால் வருவதுதானே? நாற்றம் அடித்தால் தெரிந்துவிடுமே?

எல்லாரும் இங்கேதான் ஏமாறுகிறோம். ஊசிப்போன சாம்பார் நாறும், நூல் விடும், யாரும் சாப்பிட மாட்டார்கள். ஆளைப் படுக்க வைக்கும் கிருமிகள் பெரும்பாலும் வாசனையையோ ருசியையோ மாற்றுவதே இல்லை. நேற்று உங்களைக் கவிழ்த்த சட்னி மணக்க மணக்கத்தான் இருந்திருக்கும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கிருமி சாப்பாட்டோடு உள்ளே போய்க் குடலில் பெருகி வேலையைக் காட்டும். சால்மோனெல்லா, டைபாய்டு, காலரா எல்லாம் இந்த ரகம். இன்னொன்றில் கிருமி பாத்திரத்திலேயே உட்கார்ந்து நஞ்சைத் தயாரித்து வைத்துவிடும். நாம் சாப்பிடுவது அந்த நஞ்சை. இந்த இரண்டாவது ரகத்தில், சாப்பிடுவதற்கு முன் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் பெரும்பாலும் பயன் இருக்காது. கிருமி சாகலாம், நஞ்சு அப்படியே இருக்கும்.

ராத்திரி வாந்தி எடுத்தேன். கடைசியாகச் சாப்பிட்ட ஹோட்டல்தானே காரணம்?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி பிய்த்துக்கொண்டு வந்தால், பாத்திரத்திலேயே நஞ்சு இருந்திருக்கும் என்று சந்தேகப்படலாம். அப்போது கடைசிச் சாப்பாட்டைக் குற்றம் சொல்வதில் நியாயம் உண்டு. சால்மோனெல்லா ஆறு மணி நேரத்திலும் வரும், ஆறு நாள் கழித்தும் வரும். சரியாக வேகாத கோழியில் இருக்கும் காம்பைலோபாக்டர் இரண்டிலிருந்து ஐந்து நாள் எடுத்துக்கொள்ளும். டைபாய்டுக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம். மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் ஏ வெளியே தெரிய சராசரியாக ஒரு மாதம் ஆகும்.

அதனால் வேலூரில் இறங்கிய அன்றே வயிற்றால் போனால், பாவம், எங்கள் ஊர் ஹோட்டல்காரனைத் திட்டாதீர்கள். உங்கள் ஊரில் முந்தாநாள் சாப்பிட்ட கல்யாணச் சாப்பாடாகவும் இருக்கலாம்.

"மூன்று பேரும் ஒரே சாப்பாடுதான் சாப்பிட்டோம், எனக்கு மட்டும் ஏன்?"

அண்டாவின் அடியில் இருந்த கரண்டிச் சோறு உங்கள் இலைக்கு வந்திருக்கும். அல்லது நீங்கள் அசிடிட்டிக்கு மாத்திரை போடுகிறவராக இருக்கலாம். வயிற்றின் அமிலம் குறைந்தால் கிருமிக்கு வழி திறந்த மாதிரிதான். வயது, சர்க்கரை நோய், கர்ப்பம் எல்லாம் கணக்கில் வரும்.

சோறு கெட்டுப்போகுமா என்ன? திரும்பச் சூடு செய்தால் சரியாகிவிடாதா?

இதற்கு என் கதையைத்தான் சொல்ல வேண்டும். ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை. அக்கினி நட்சத்திரம், வெளியே நாற்பது டிகிரிக்கு மேல். மதியம் கூட்டம் குறைவு, அரை அண்டா சோறு மிஞ்சிவிட்டது. சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று தட்டு போட்டு மூடி, மேலே ஈரத்துணியும் போட்டு வைத்தேன். ராத்திரி ஏழு மணிக்கு அதையே நெய், மிளகு, கறிவேப்பிலை போட்டுத் தாளித்து மிளகு சாதமாக்கிப் பரிமாறினேன். ஆவி பறந்தது, எல்லாரும் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பத்து மணிக்குள் நான்கு பேர் வாந்தி. அதில் ஒருவர் என் மச்சான். அவர் இன்றைக்கும் மிளகைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். குற்றம் மிளகின் மேல் இல்லை.

அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்றொரு கிருமி மண்ணிலிருந்தே ஒட்டிக்கொண்டு வருகிறது. அதன் வித்து கொதிக்கிற உலையிலும் சாகாது. சோறு ஆறிக்கொண்டே வந்து வெதுவெதுப்பாக நிற்கும்போது அந்த வித்து முளைக்கும், பெருகும், வாந்தி எடுக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு தாளிப்புச் சூட்டுக்கெல்லாம் அசையாது. நான் மூடி வைத்த அண்டாவின் நடுச்சோறு மாலை வரை வெதுவெதுப்பாகவே இருந்திருக்கும். கிருமிக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்த மாதிரி.

ஆகவே சமைத்தது ஒன்று 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லை 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்து இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் நேரத்தைத்தான் எண்ண வேண்டும். பொதுவாக இரண்டு மணி நேரம் என்பார்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். வேலூரில் மார்ச்சிலிருந்து ஜூன் வரை ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய சோற்றை எடுத்து வைக்க வேண்டுமென்றால் அகலமான தாம்பாளத்தில் பரப்பி, சீக்கிரம் ஆறவிட்டு, ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ஓட்டலில் மதியச் சோற்றில்தான் ராத்திரி ஃப்ரைட் ரைஸ் போடுகிறார்கள். எல்லாக் கடையும் அப்படி என்று சொல்லவில்லை. ஆறிய சோறு உதிரியாக வரும் என்பதற்காகவே அப்படிச் செய்வார்கள். அந்தச் சோறு ஃப்ரிட்ஜிலிருந்து வந்ததா, அடுப்போரத்துக் கூடையிலிருந்து வந்ததா என்பதை மட்டும் எட்டிப் பாருங்கள்.

ஆம்பூர் பக்கம் வந்துவிட்டு பிரியாணி சாப்பிடாமல் போக முடியுமா?

போகவே கூடாது. தம் போட்ட பிரியாணி தேக்சா திறந்த சூட்டில் கிடைத்தால், வெளியில் கிடைக்கும் சாப்பாட்டில் பத்திரமானவற்றில் அதுவும் ஒன்று. கறி வெந்து, சீரகச் சம்பா வெந்து, மூடி போட்டு மேலும் கீழும் தணல். பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்குத் தேக்சா திறக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். மூன்று மணிக்கு அடியில் கிடப்பது வேறு சரக்கு. விரலை வைத்தால் சுட வேண்டும்.

என் கண் பிரியாணி மேல் இருக்காது, பக்கத்தில் வரும் தயிர் வெங்காயத்தின் மேல் இருக்கும். அது சூடே பார்க்காத பண்டம். யாரோ உரித்து, யாரோ நறுக்கி, எந்தத் தண்ணீரிலோ அலசி, தயிரில் கலந்து காலையிலிருந்து பக்கெட்டில் வெளியே இருக்கும். தயிரின் புளிப்பு கொஞ்சம் காப்பாற்றும், நறுக்கிய கையின் அழுக்கை முழுவதும் காப்பாற்றாது. கத்தரிக்காய்த் தொக்கு எண்ணெயில் வெந்தது, அதைத் தாராளமாகத் தொட்டுக்கொள்ளுங்கள். வயிறு லேசான ஆசாமி என்றால் தயிர் வெங்காயத்தை ஒதுக்கிவிடுங்கள்.

நல்ல கடை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஏசி போட்ட கடை பரவாயில்லையா?

ஏசிக்கும் வயிற்றுக்கும் சம்பந்தம் இல்லை. கூட்டம் இருக்கிற கடை பெரும்பாலும் நல்லது. சுத்தம் அதிகம் என்பதால் அப்படிச் சொல்லவில்லை, சரக்கு தேங்காது என்பதால் சொல்கிறேன். இட்லி ஈடு இறங்க இறங்கக் காலியாகும்.

நான் கடைக்குள் போனால் முதலில் தண்ணீர் கொண்டுவரும் பையனின் கையைத்தான் பார்ப்பேன். நான்கு டம்ளரை ஒரே கையில் பிடிக்க, நான்கு விரலையும் உள்ளே விட்டுக் கவ்விக்கொண்டு வருவான். விரல் நுனி தண்ணீரில் மிதக்கும். அதே விரல் ஒரு நிமிடம் முன்னால் மேசை துடைத்த துணியைப் பிழிந்திருக்கும். அந்தப் பையனைத் திட்டிப் பயனில்லை, சொல்லிக் கொடுக்க வேண்டியது முதலாளி. நான் பேசாமல் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுச் சுடச்சுடத் தோசை மட்டும் சொல்வேன்.

அடுத்து, காசு வாங்குகிற கையும் வடை எடுக்கிற கையும் ஒன்றா என்று பாருங்கள். விரலில் காயத்துக்குத் துணி சுற்றிய ஆள் மாவு பிசைந்தால் எழுந்து வந்துவிடுங்கள். புண்ணிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் சாப்பாட்டில் விழுந்தால் நஞ்சாக்கும், சோற்று நஞ்சைப் போலவே அதுவும் கொதிக்கு அசையாது. கல்லாவுக்குப் பின்னால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் மாட்டியிருக்க வேண்டும். மாட்டியிருந்தால் மட்டும் கடை நல்லது என்றாகிவிடாது, ஆனால் புகார் சொல்லும்போது அந்த எண் வேண்டும். அப்புறம் பஜ்ஜியைச் செய்தித்தாளில் வைத்துக் கொடுப்பது கூடாது என்று விதியே இருக்கிறது. அது கிருமி விஷயம் மட்டும் இல்லை, மை விஷயமும்கூட.

இட்லி, தோசை என்றால் பயமில்லைதானே?

இட்லிக்குப் பயமில்லை, தேங்காய்ச் சட்னிக்குக் கொஞ்சம் பயப்படுங்கள். அரைத்த தேங்காய், பச்சைத் தண்ணீர், வெயில். காலை ஆறு மணிக்கு அரைத்த சட்னி பத்து மணிக்குப் பக்கெட்டில் பாதியாகும்போது, அதிலேயே புதுச் சட்னியைக் கொட்டிக் கலப்பார்கள். அந்த ஒரு கரண்டிப் பழசு மொத்தத்தையும் பழசாக்கிவிடும். பதினோரு மணிக்கு மேல் டிபன் சாப்பிட்டால் சாம்பாரோ மிளகாய்ப் பொடியோ கேட்டு வாங்குங்கள். கொதித்துக்கொண்டிருக்கும் சாம்பார் நம்மைக் கெடுக்காது.

தண்ணீர்? வெந்நீர் கேட்டு வாங்கினால் போதுமா?

ஹோட்டல் வெந்நீரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாதி டம்ளர் கொதித்தது, மீதி குழாய்த் தண்ணீர், குடிக்கிற பதத்துக்கு விளாவிக் கொடுத்துவிடுவார்கள். நானும் அவசரத்துக்கு அப்படிக் கொடுத்தவன்தான். உண்மையான வெந்நீர் நாக்கைச் சுடும், ஆறும்வரை காத்திருக்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாலே நோய் தரும் கிருமிகள் செத்துவிடும். அறையில் சின்ன கெட்டில் வைத்துக் காய்ச்சி, பாட்டிலில் எடுத்துப் போவது உத்தமம்.

கரும்புச்சாறு, ஜூஸ், சர்பத் என்றால் ஐஸ் வேண்டாம் என்று சொல்லுங்கள். மீனை அடுக்கும் ஐஸ் தனி, குடிக்கும் ஐஸ் தனி. சாப்பிடத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018இல் உத்தரவு வந்தது. நீலம் இல்லாததெல்லாம் குடிக்கும் ஐஸ் என்று நம்பிவிட முடியாது. தாகத்துக்கு இளநீர் வாங்குங்கள், உங்கள் கண் முன்னால் சீவச் சொல்லுங்கள். பானிபூரித் தண்ணீரைப் பற்றிக் கேட்காதீர்கள். கை முழங்கை வரை உள்ளே போய் வருவதைப் பார்த்த பிறகும் சாப்பிடுகிறவர்களிடம் என்ன சொல்வது?

ஆஃபாயில், கலக்கி, ஷவர்மா?

முட்டையின் மஞ்சள் வழிந்தால் சால்மோனெல்லா பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. திடகாத்திரமான ஆளுக்கு அது ஒரு சின்ன ஆபத்து. ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிக்கும் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் முழுசாக வேகவைத்த முட்டை மட்டும்தான். பச்சை முட்டையில் அடிக்கும் மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது. முட்டை சேர்க்காத மயோனைஸ் கிடைக்கிறது, ஆனால் அதுவும் வெளியில் வெயிலில் இருக்கக் கூடாது.

ஷவர்மாவில் சிக்கல் அந்தச் சுழலும் கம்பியில்தான். வெளிப்பக்கம் கருகும், உள்பக்கம் பச்சையாகவே இருக்கும். கூட்டம் வந்தால் வேகாத அடுக்கையும் சேர்த்துச் சீவிப் போடுவார்கள். கூட்டம் இல்லாவிட்டால் அடுப்பைக் குறைத்து, மணிக்கணக்கில் வெதுவெதுப்பில் சுற்றவிடுவார்கள். கோழி உள்ளே 74 டிகிரி தொட வேண்டும். சீவிய கறியைத் தவாவில் போட்டு இன்னொரு முறை வாட்டித் தருகிற கடையாகப் பாருங்கள்.

தர்பூசணியில் ஊசி போட்டு நிறம் ஏற்றுகிறார்களாமே?

2025 கோடையில் இந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவி, தர்பூசணி போட்ட விவசாயிகள் விலையில்லாமல் நொந்துபோனதுதான் மிச்சம். ஊசி போட்ட ஓட்டை வழியாகச் சாறு கசிந்து பழமே அழுகிவிடும். சந்தேகம் இருந்தால் வெள்ளைப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள், அடர்த்தியாகச் சிவப்பு ஒட்டினால் விட்டுவிடுங்கள்.

உண்மையான ஆபத்து வெட்டி அடுக்கி வைத்த துண்டில் இருக்கிறது. மண்ணில் கிடந்த பழத்தைக் கழுவாமல் கத்தி பாய்ச்சினால், தோலில் இருப்பது கத்தியோடு உள்ளே போகும். உள்ளே இனிப்பும் ஈரமும் இருப்பதால் கிருமிக்கு விருந்து. கிர்ணிப் பழம் இன்னும் மோசம், தோல் சொரசொரப்பாக இருப்பதால் அழுக்கு உள்ளுக்குள் ஒளிந்துகொள்ளும். முழுப் பழமாக வாங்கி, குழாயடியில் தேய்த்துக் கழுவி, அறையில் வெட்டுங்கள். வெட்டியதை அன்றே தீர்த்துவிடுங்கள். நுங்கும் அப்படித்தான். சுளையாகத் தோண்டி வாங்கி, மேல்தோலை நீங்களே உரித்துக்கொள்ளுங்கள். வாழை, ஆரஞ்சு, மாதுளைக்கு இயற்கையே பேக்கிங் போட்டுக் கொடுத்திருக்கிறது. கையைக் கழுவிவிட்டு உரித்தால் போதும்.

நேதாஜி மார்க்கெட்டில் வாங்கிய காய்கறி, கீரையை எப்படிக் கழுவுவது? உப்பும் மஞ்சளும் போட வேண்டுமா?

ஓடுகிற தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுவதுதான் முக்கால்வாசி வேலை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் காலிஃபிளவர் புழு வெளியே வரும், மண் இறங்கும், அவ்வளவுதான். மஞ்சளை நம்பிக் கிருமி போய்விட்டது என்று நினைக்காதீர்கள். சோப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் கூடவே கூடாது, காய் உறிஞ்சிக்கொள்ளும்.

கீரைக்கு என் பாட்டி முறை: கட்டை அவிழ்த்து, வேரை நறுக்கி, அழுகின இலையை ஆய்ந்து, அகலப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி அமுக்கி எடுப்பது. தண்ணீரைச் சாய்த்து கீரையை எடுக்கக் கூடாது, கீரையை மேலே தூக்கிவிட்டுத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடியில் தங்கிய மண் திரும்பக் கீரை மேலேயே வந்து உட்காரும். மூன்று தண்ணீர். மூன்றாவது தண்ணீரில் அடியில் மணல் நெருடினால் நான்காவது.

கீரை எப்படியும் வேகிறது, கத்தரிக்காயும் வேகிறது. (இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் கிடைத்தால் விடாதீர்கள், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய் அது.) கவனம் வேண்டியது பச்சையாகச் சாப்பிடுபவற்றுக்கு: கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, கேரட், தக்காளி, வெங்காயம். கொத்தமல்லியின் வேர்ப்பக்கத்து மண்ணில் சாக்கடைத் தண்ணீர் கலந்திருக்கலாம். குழம்பு இறக்கிய பிறகு தூவுகிற கொத்தமல்லியைக் கொஞ்சம் முன்னாலேயே தூவி ஒரு கொதி விட்டால் ருசி ஒன்றும் குறையாது.

பாலாற்றுப் பக்கம் விளைந்த காயையும் இப்படிக் கழுவினால் போதுமா?

கழுவுவது கிருமிக்கும் மண்ணுக்கும்தான். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரில் இறங்கிய கதை வேறு. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது, அது சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். செடி வேர் வழியாக உறிஞ்சிய எதையும் குழாயடியில் கழுவி எடுக்க முடியாது. ஒரே இடத்துக் காயை வருடக்கணக்கில் சாப்பிடாமல் மாற்றி மாற்றி வாங்குவது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. இரண்டு வாரம் தங்கிப் போகிறவர்கள் இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

நோயாளிக்குக் கீமோ நடக்கிறது / கிட்னி மாற்றியிருக்கிறார்கள். வெளியில் வாங்கிக் கொடுக்கலாமா?

முதலில் டாக்டரும் டயட்டீஷியனும் கொடுத்த சீட்டு. நான் சொல்வது அதற்கு அப்புறம்தான். இந்தியாவில் வெற்றிகரமான முதல் கிட்னி மாற்று சிகிச்சையை 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் செய்தார்கள். அன்றிலிருந்து இந்தத் தெருக்களில் நோயாளிக்குச் சமைத்துப் போடுவதே ஒரு தொழிலாகிவிட்டது. வங்காளியில் பெயர்ப்பலகை எழுதிய மீன்சோற்று மெஸ்களைப் பார்த்திருப்பீர்கள்.

எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு நமக்கு ஒன்றும் செய்யாத கிருமியே பெரிய காய்ச்சலில் கொண்டுபோய் விடும். அவருக்குப் பச்சையாக எதுவும் வேண்டாம். சட்னி, சாலட், முளைகட்டிய பயறு, கடை ஜூஸ், வெட்டிய பழம் கிடையாது. முளைகட்டிய பயறு சத்து என்று கொடுக்கிறார்கள். பயறு முளைக்கும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமி முளைக்கவும் அளவெடுத்த மாதிரி இருக்கும், வேகவைத்தால் தவிரத் தொடக்கூடாது. சமைத்த உடனே, சூடாக, அறையிலேயே கொடுங்கள். கிட்னி மாற்றியவர்கள் பம்பளிமாஸ் சாப்பிடக் கூடாது. கிருமிக்காக அல்ல, அவர்கள் போடும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மாத்திரைகளின் அளவை அது ரத்தத்தில் ஏற்றிவிடும்.

அறையில் கோழி சமைக்கிறோம். மஞ்சள் போட்டு நன்றாகக் கழுவினால் சரிதானே?

கழுவாமல் சமைப்பதே நல்லது என்று உலகமெல்லாம் சொல்கிறார்கள். குழாயைத் திறந்து கோழியைக் கழுவினால் தெறிக்கிற தண்ணீர் பக்கத்துத் தட்டு, டம்ளர், நறுக்கின வெங்காயம் எல்லாவற்றின் மேலும் விழும். கறியில் இருந்த கிருமி கொதியில் செத்துவிடும், வெங்காயத்தில் விழுந்தது உங்கள் வயிற்றுக்கு வரும். நம் வீட்டுப் பெண்களிடம் இதைச் சொல்லி நான் ஜெயித்ததில்லை. கழுவியே தீருவேன் என்றால் பாத்திரத்துக்குள் அமிழ்த்தி மெதுவாக அலசுங்கள், தண்ணீரை நேராகச் சாக்கடையில் ஊற்றுங்கள், சிங்க்கையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்க்கு ஒரு கத்தி, கறிக்கு ஒரு கத்தி.

ராத்திரி காட்பாடியில் ரயில். சாப்பாட்டைப் பார்சல் வாங்கிக்கொள்ளலாமா?

ஏறியவுடனே சாப்பிடுவதாக இருந்தால் எதையும் வாங்கலாம். விடியற்காலை வரை வைத்துச் சாப்பிட வேண்டுமென்றால் நம் முன்னோர் கட்டுச்சோறு கட்டிய கணக்கைப் பின்பற்றுங்கள். புளியோதரை, எண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தடவிய இட்லி, சப்பாத்தி, தொக்கு. புளியும் எண்ணெயும் உப்பும் கிருமிக்கு ஆகாது. பிரியாணிப் பார்சல், முட்டைப் பொரியல், தேங்காய் சாதம், பால் சேர்த்த தயிர் சாதம் எல்லாம் சீக்கிரம் முடிக்க வேண்டியவை.

அப்படியானால் பழையசோறு மட்டும் எப்படி ஒத்துக்கொள்கிறது?

நல்ல கேள்வி, மச்சானும் கேட்டார். சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் ராத்திரிக்குள் லாக்டிக் அமிலக் கிருமிகள் பெருகிப் புளிப்பாக்கிவிடும். புளிப்பு ஏறிய இடத்தில் கெட்ட கிருமிகள் பலவற்றால் வளர முடியாது. வெறும் சோற்றை மூடி வைப்பதில் இந்தக் காவல் இல்லை. தண்ணீரும் பாத்திரமும் சுத்தமாக இருக்க வேண்டும், சோறு ஆறியவுடன் தண்ணீர் ஊற்ற வேண்டும், மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். மேலே சொன்ன எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இதுவும் வேண்டாம்.

சரி, வயிறு கெட்டேவிட்டது. என்ன செய்வது?

தண்ணீரும் உப்பும் போவதுதான் ஆளைச் சாய்க்கிறது, அதனால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரையுங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு. அரைப் பொட்டலத்தைக் கண்ணளவில் டம்ளரில் போடுகிற பழக்கம் வேண்டாம். கடை மூடியிருந்தால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி இருந்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு விற்ற இனிப்பு பானங்களில் சர்க்கரை அதிகம். அப்படிப் பெயர் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உத்தரவே வந்துவிட்டது, பழைய சரக்கு கண்ணில் பட்டால் ஏமாறாதீர்கள்.

கஞ்சி, மோர், இட்லி, வாழைப்பழம் சாப்பிடலாம், பட்டினி போட வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தைக்குப் பேதி என்றால் டாக்டரைக் கேட்டு துத்தநாக மாத்திரையும் 10 முதல் 14 நாள் கொடுப்பார்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் அது கெடுதல், குழந்தைகளுக்கு எப்போதுமே கூடாது. ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான், பெரும்பாலான ஃபுட் பாய்சனுக்கு அது தேவையே இல்லை.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

மலத்தில் ரத்தம் வந்தால். 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தால். ஸ்பூன் தண்ணீர்கூட உள்ளே நிற்காவிட்டால். ஆறு, எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகாவிட்டால், எழுந்து நின்றால் கண் இருட்டினால், அழுகிற குழந்தைக்குக் கண்ணீர் வராவிட்டால். அரிசி கழுவின தண்ணீர் போல் ஓயாமல் போனால் காலராவாக இருக்கலாம், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். மூன்று நாளாகியும் நிற்காவிட்டாலும் போக வேண்டும். கைக்குழந்தை, எழுபது கடந்தவர், கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி என்றால் இதில் பாதி இருந்தாலே கிளம்புங்கள். ராத்திரி என்று பார்க்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

ஒரு கடையில் சாப்பிட்டுத்தான் வந்தது என்று உறுதியாகத் தெரிகிறது. யாரிடம் சொல்வது?

உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. கடையின் பெயர், இடம், சாப்பிட்ட நாள், நேரம், பில்லின் படம் அனுப்புங்கள். மிச்சச் சாப்பாடு இருந்தால் தூக்கிப் போடாமல் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அலுவலர் எடுக்கும் மாதிரிக்கு ஆய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். கட்டணம் கட்டி நாமே ஆய்வுக்குக் கொடுக்கவும் அதில் வழி இருக்கிறது. கூடச் சாப்பிட்ட நான்கு பேர் சேர்ந்து சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும். அன்றைக்கு என் மெஸ்ஸில் சாப்பிட்ட நான்கு பேரும் புகார் சொல்லவில்லை, மறுநாள் காலையில் என்னிடமே கஞ்சி கேட்டு வந்து உட்கார்ந்தார்கள். அது அவர்கள் பெருந்தன்மை.

ஊருக்குத் திரும்பும்போது ஆற்காடு மக்கன் பேடா வாங்கிப் போகலாமா?

தாராளமாக. எண்ணெயில் பொரிந்து, சர்க்கரைப் பாகில் முங்கிக் கிடப்பது, அவ்வளவு பாகில் கிருமி சுலபத்தில் தலையெடுக்காது. ஆனால் மாவில் கோவா இருக்கிறது. அதனால் என்றைக்குப் போட்டது என்று கேட்டு வாங்குங்கள், டப்பாவை வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், பாகோடு சேர்த்தே எடுத்துப் போங்கள். கையால் எடுத்து அடுக்கினால் ஒரு இடுக்கியால் எடுக்கச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.